வள்ளத்தின் இடது பக்கம்

தூத்துக்குடியில் வடிவு டீச்சரிடம் கம்ப்யூட்டரில் டிசைன் போடக் கற்றுக்கொள்ள வந்தவர்களில் லியோன் மச்சாதுதான் மூத்தவர். அவருக்கு ஐம்பத்தொன்பது வயது, டீச்சருக்கு முப்பத்து மூன்று. சென்னையில் ஒரு பட்டறையில் பத்து வருஷம் வார்ப்பு அச்சு டிசைன் செய்துவிட்டு ஊர் திரும்பியவர் டீச்சர். அதிகம் பேசமாட்டார்.

லியோன் முப்பது வருஷம் கப்பல் இன்ஜின் அறையில் ஃபிட்டராக இருந்தவர். வேலையை விட்டு வந்ததும் வீட்டுப் பின்னறையில் மேசை அளவுக்கு ஒரு சி.என்.சி. மெஷினை வாங்கி வைத்தார். கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் மரத்தை அப்படியே செதுக்கித் தரும் மெஷின். அதில் அவர் செய்ய நினைத்தது ஒன்றே ஒன்றுதான். தம்பி ரெமிஜியுஸின் வள்ளம், மீன்பிடிக்கப் போகும் மரப்படகு. இருபதில் ஒரு பங்கு அளவில், பலகை பலகையாக.

ரெமிஜியுஸ் நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த வள்ளத்தில் தனியாகக் கடலுக்குப் போனவன். திரும்பவில்லை. மூன்றாம் நாள் இரண்டு டீசல் கேன்கள் கரையில் ஒதுங்கின. ஆளும் கிடைக்கவில்லை, வள்ளமும் கிடைக்கவில்லை.

அவன் மனைவி ஜெசிந்தாதான் அந்த வள்ளத்தைச் சின்னதாகச் செய்து தரமுடியுமா என்று கேட்டாள். கல்லறைத் திருநாளில் ஊரே தங்கள் ஆட்களின் கல்லறையில் போய் நிற்கிறது, நான் எங்கே போய் நிற்க என்று கேட்டாள். செய்து தருகிறேன் என்று லியோன் வாக்குக் கொடுத்தார். அதன் பிறகு இரண்டு கல்லறைத் திருநாள் போய்விட்டது.

எந்த சாஃப்ட்வேரில் வரைவது என்பதில்தான் எல்லாம் நின்றது. முதலில் எடுத்ததில் வள்ளத்தின் வளைவு சரியாக விழவில்லை என்றார். அடுத்தது எதற்கெடுத்தாலும் இன்டர்நெட் கேட்டது. மூன்றாவது அவருடைய பழைய கம்ப்யூட்டரில் அப்படியே உறைந்து நின்றது. நாலாவதில் வரைவது சுலபம், ஆனால் மெஷினுக்குப் புரிகிற மாதிரி வெளியே எடுக்க முடியவில்லை. ஐந்தாவதில் எழுத்து பொடிப்பொடியாக இருந்தது, கண் வலித்தது. ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு முறை புதிதாக ஒன்றோடு வந்தபோதும் டீச்சர் மறுபேச்சு பேசாமல் அதையும் சொல்லிக் கொடுத்தார்.

அக்டோபர் கடைசியில், அடுத்த கல்லறைத் திருநாள் நெருங்கிவந்த ஒரு மத்தியானம் லியோன் மறுபடி வந்தார். வெளியே மழை பிடித்திருந்தது. வகுப்பில் வேறு யாரும் இல்லை. ஆறாவதாக ஒன்றைக் கேள்விப்பட்டேன் என்றார். கப்பல் கட்டுகிறவர்களே அதைத்தான் வைத்திருக்கிறார்களாம்.

"எதுதான் சரியானது டீச்சர்? நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க. அலைஞ்சது போதும்."

இதுவரை வரைந்ததெல்லாம் இருக்கிறதா என்று டீச்சர் கேட்டார். லியோன் பென் டிரைவை எடுத்துக் கொடுத்தார். டீச்சர் ஐந்து வரைபடங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, காகிதத்தில் பிரிண்ட் எடுத்து, மேசைமேல் வரிசையாகப் பரப்பினார். ஐந்து முடியாத வள்ளங்கள். பிறகு சிவப்புப் பேனாவால், வரைந்த கோடு எங்கே நின்றுபோனதோ அங்கே ஒரு வட்டம் போட்டார். ஐந்திலும் போட்டு முடித்ததும் பேனாவை மூடினார்.

ஐந்து வட்டமும் ஒரே இடத்தில் இருந்தன. இடது பக்கம், பின்னால், கீழேயிருந்து மூன்றாவது பலகை.

லியோன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். அப்புறம் கழற்றிவிட்டார்.

"வலது பக்கத்தை அப்படியே இடது பக்கமாத் திருப்பிப் போட ஒரு பட்டன் இருக்கு. முதல் நாளே சொல்லிக் கொடுத்தேன்," என்றார் டீச்சர். "இந்த அஞ்சுலயும் அது உண்டு. வலது பக்கம் அஞ்சுலயும் சுத்தமா முடிஞ்சிருக்கு. நீங்க ஏன் அதை அமுக்கவே இல்லை, அண்ணாச்சி?"

"இடது பக்கம் வலது பக்கம் மாதிரி இல்லை, டீச்சர்."

லியோன் அந்தக் காகிதங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

தம்பி காணாமல் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் லியோன் லீவில் வந்திருந்தபோது, ரெமிஜியுஸ் வள்ளத்தைக் கரையேற்றி, அண்ணன் ஒருதரம் பார்த்துச் சொல்லட்டும் என்று காத்திருந்தான். லியோன் ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பலகை பலகையாகக் குத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். இடது பக்கம் மூன்றாவது பலகையில் அது அரை விரல் ஆழத்துக்கு இறங்கியது. ஈரச் சோற்றில் இறங்குகிற மாதிரி இறங்கியது. அதைக் கழற்றி வேறு பலகை போடப் பத்து நாளாவது ஆகும். அவர் கப்பலுக்குக் கிளம்ப நாலு நாள்தான் இருந்தது. தம்பிக்குத் தனியாக அதைச் செய்யத் தெரியாது. அண்ணன் இல்லாமல் வேறு ஆளை விடவும் மாட்டான். ஓட்டையில் பஞ்சை வைத்து அடைத்து மேலே பெயின்ட் பூசினார். எப்படி இருக்கு என்று தம்பி கேட்டான்.

"நல்லா இருக்குன்னு சொன்னேன். அடுத்த லீவு வரைக்கும் தாங்கும்னு சொன்னேன். அவன் சிரிச்சான். அண்ணன் சொன்னா சரிதான்னு போயிட்டான்."

கப்பல் ஏறிப் பதினோராம் நாள் சேதி வந்தது. அந்தப் பலகைதான் விட்டதா, வேறு ஏதாவதா, யாருக்கும் தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை. ஜெசிந்தா இன்றைக்கும் எல்லாரிடமும், என் வீட்டுக்காரர் வள்ளத்தை அவர் அண்ணன் பார்த்துச் சொன்ன பிறகுதான் இறக்குவார் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சொல்லி முடித்ததும் லியோன் காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"இந்த வருஷமாவது அவகிட்ட கொடுத்திடணும்," என்றார். "நான் எதை எடுக்கட்டும் டீச்சர்?"

டீச்சர் முதலாவது சாஃப்ட்வேரைத் திறந்தார். பாதி வள்ளம் திரையில் வந்தது. மௌஸை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"எதை வேணும்னாலும் எடுங்க, அண்ணாச்சி. அந்தப் பட்டனை அமுக்கினா ஜெசிந்தாவுக்கு ஒரு நல்ல வள்ளம் கிடைக்கும். அமுக்காம வரைஞ்சா, ரெமிஜியுஸ் போன வள்ளம் கிடைக்கும்."

லியோன் மௌஸின்மேல் கையை வைத்தார். திரையில் அம்புக்குறி அந்தப் பட்டனுக்கும் மூன்றாவது பலகைக்கும் நடுவில் நின்றது.