சேனைக்கு முந்திய ஊசி

இது ஒரு பிரசவ வார்டில் நடந்தது. விடை கடைசியில் இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன் நீங்களே ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

முத்துச்செல்விக்கு ஆபரேஷன் செய்து பெண் பிறந்தது. முதுகில் போட்ட ஊசியால் இடுப்புக்குக் கீழே அவளுக்கு உணர்வே இல்லை. மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தாள்.

பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைப்பதை அவர்கள் சேனை என்பார்கள். வைத்தவரின் குணம் குழந்தைக்கு வருமாம். பிள்ளையில்லாத நாத்தனார் இசக்கியம்மாள்தான் சேனை வைக்க வேண்டும் என்று முத்துச்செல்வி வாக்குக் கொடுத்திருந்தாள். இசக்கியம்மாள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள்.

பக்கத்துக் கட்டிலில் நர்ஸ் ஜெபராணி ஒரு குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் கிடத்தி, குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார். அது சிணுங்கியதோடு சரி. முத்துச்செல்வியின் குழந்தைக்கும் உடனே காமாலைப் பரிசோதனை செய்ய வேண்டியிருந்தது.

"ஆபரேஷன் ஆன உடம்பு, நீ அசையாத. அடுத்த ரூம்லயே எடுத்துருதேன். குத்துறதுக்கு முன்னால நாக்குல ரெண்டு சொட்டு சீனித் தண்ணி விடுவோம். டாக்டர் சொன்னதுதான், வலி குறையும்."

"வேண்டாம் சிஸ்டர். மதினி வரணும்."

"அதுவரைக்கும் டெஸ்ட் தாங்காதும்மா."

"அப்ப சும்மாவே குத்துங்க."

ஜெபராணி அப்படியே செய்தார். அடுத்த அறையிலிருந்து வந்த அலறலை முத்துச்செல்வி முகம் மாறாமல் கேட்டாள். யாருடைய குழந்தையோ அழுவதுபோல் இருந்தது.

எடுத்த ரத்தம் உறைந்துவிட்டது. மறுபடி எடுக்க வேண்டும் என்று ஜெபராணி சொல்ல வந்தபோது இசக்கியம்மாள் கற்கண்டோடு நுழைந்தாள். நடந்ததைக் கேட்டதும் அதைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

"ஏட்டி, எனக்காகவா பச்சப்புள்ளய அழவிட்ட? சேனையுமாச்சு ஒண்ணுமாச்சு. சிஸ்டர், சீனித் தண்ணிய நீங்களே விடுங்க. உங்க குணமே வரட்டும்."

"என் குணம் வந்தா வீட்டுல ஒருத்தரும் தூங்க முடியாதுக்கா."

முத்துச்செல்வி அதற்கும் சிரிக்கவில்லை. ஜெபராணி அடுத்த அறையில் சீனித் தண்ணீர் விட்டுக் குத்தினார். இந்த முறை அழுகை அவ்வளவாகக் கேட்கவில்லை.

தாய் வாக்கைக் காப்பாற்றினாள். நர்ஸ் தாயின் சொல்லை மீறவில்லை. நாத்தனார் தனக்கு வந்ததை விட்டுக்கொடுத்தாள். இதில் யார் செய்தது சரி?

விடை: இசக்கியம்மாள். அவள் விட்டுக்கொடுத்தது அவளுடையது. முத்துச்செல்வியின் வாக்குக்கு வலித்தது குழந்தைக்கு. ஜெபராணி பக்கத்துக் கட்டிலில் செய்ததுபோல் இங்கும் தாயின் மார்பில் கிடத்திக் குத்தியிருந்தால் வாக்கும் நின்றிருக்கும், குழந்தையும் இவ்வளவு அழுதிருக்காது. முத்துச்செல்விக்கு மரத்திருந்தது இடுப்புக்குக் கீழேதான். பிள்ளையை மார்பில் போடட்டுமா என்று அவளை யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.