சேனாதிராயரின் பட்டு அங்கி

ரொம்ப காலத்துக்கு முன்னால் வேங்கைநாடு என்கிற சீமையை மகிபாலன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதே அவனுக்கு வேதம். காலையில் இட்ட ஆணையைச் சாயங்காலம் அவனே சிரித்துக்கொண்டு மாற்றுவான்.

ஒரு கோடையில் அந்தச் சீமைக்குள் பெரியம்மை புகுந்தது. தெருவுக்கு நாலு வாசலில் வேப்பிலை தொங்கியது. வடக்கு வாசலுக்கு வெளியே கொட்டகை போட்டு நோயாளிகளைக் கிடத்தினார்கள். ராஜாவுக்கு ஒரே மகள் குமுதவல்லி, ஆறு வயசு. அவளை ஏழு கதவுக்குப் பின்னால் பூட்டி வைத்தும் அவனுக்கு நிம்மதி இல்லை.

மந்திரி மங்கைபாகர் ஒருநாள் அரண்மனைப் பால்காரி ஆவுடையாளைச் சபைக்கு அழைத்துவந்தார். மாட்டின் மடியில் வரும் கொப்புளம் பால் கறக்கிறவர்கள் கையிலும் வரும், இரண்டு வாரத்தில் ஆறிவிடும், அப்படி வந்தவர்களைப் பெரியம்மை தொடுவதே இல்லை என்று அவள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கண்டிருந்தார்கள். அந்தக் கொப்புளத்து நீரை ஊசியில் தொட்டு மேல்கையில் கீறிவிட்டால் போதும் என்றாள். மந்திரி தம் கையை முதலிலேயே கீறிக்கொண்டு வந்திருந்தார். ராஜாவுக்கு ஒரே சந்தோஷம். ஊருக்கெல்லாம் தண்டோரா போடச் சொன்னான்.

ஊர் சும்மா இருக்குமா? தலையில் கொம்பு முளைக்கும் என்றார்கள். வைக்கோலைக் கண்டால் நாக்கில் எச்சில் ஊறும் என்றார்கள். மாரியாத்தாள் கோபித்துக்கொள்வாள் என்றார்கள். விவரம் தெரிந்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரன் முதலில் குத்திக்கொள்ளட்டும், பார்த்துச் செய்யலாம் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரனும் அதையேதான் சொன்னான்.

இந்தப் பேச்சுக்கெல்லாம் ஊற்றுக்கண் சேனாதிராயர். சபையில் இருந்துகொண்டே மந்திரி பதவிமேல் இருபது வருஷமாகக் கண் வைத்திருந்த மனுஷர். ராஜா தனியாக இருந்த சமயம் பார்த்து, "ராஜ ரத்தத்தில் மாட்டுச் சீழைக் கலப்பதா மன்னா? நாளைக்கு இளவரசி 'அம்மா' என்று கூப்பிட்டால், மகாராணியையா தொழுவத்தையா என்று யார் கண்டது?" என்றார்.

கடைசியாகப் பேசியவர் அவர் அல்லவா? ராஜா ஆவுடையாளைச் சிறையில் போட்டான். வெள்ளிக்கிழமைக்குள் மருந்து மெய் என்று நிரூபிக்காவிட்டால் அவள் தலை போகும் என்றான். அந்த வாரமே அந்தப்புரத்து வண்ணாத்திக்குக் காய்ச்சல் கண்டது. ஏழு கதவும் இனிமேல் எத்தனை நாள் தாங்கும்?

மங்கைபாகர் ஒன்றைக் கவனித்திருந்தார். சபைக்கு வருகிறவர்கள் எல்லாரும் வேப்பங்கொத்தும் கையுமாக, மூக்கைப் பொத்திக்கொண்டு, வடக்கு வாசலைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். சேனாதிராயர் மட்டும் மூன்று வாரமாக வேப்பிலையைத் தொடவில்லை. கொட்டகை ஓரமாகவே வெற்றிலை மென்றுகொண்டு பல்லக்கில் வந்தார்.

வெள்ளிக்கிழமை சபையில் மந்திரி எழுந்து, கொட்டகையில் கிடப்பவர்களுக்குக் கூழ் ஊற்ற ஆள் இல்லை, ஒருநாள் தம் கையால் ஊற்றி வருகிறவருக்கு என் பதவியின் முத்திரை மோதிரத்தையே தருகிறேன் என்றார். சபை முழுக்கத் தரையைப் பார்த்தது. சேனாதிராயர் மட்டும் எழுந்து, மக்களைவிட என் உயிர் பெரிசா என்றார். ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மங்கைபாகர் பணிவாகச் சொன்னார்: "அம்மை கண்ட இடத்துக்குத் தைத்த துணியோடு போகிற வழக்கம் இல்லையே. மஞ்சள் நீரில் குளித்து, ஈர வேட்டியும் திறந்த மேலுமாகப் போகவேண்டும். தண்ணீர் தயாராக இருக்கிறது, அங்கியைக் கழற்றுங்கள்."

சேனாதிராயர் அங்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சளி பிடிக்கும் என்றார், நாள் சரியில்லை என்றார். பொறுமை போன ராஜா தானே இறங்கிவந்து அங்கியின் முடிச்சை அவிழ்த்தான். இடது மேல்கையில் புளியங்கொட்டை அளவுக்கு, புதிதாக ஆறிய தழும்பு. மந்திரி தம் கையை அதன் பக்கத்தில் நீட்டினார். இரண்டும் ஒரே அச்சு.

ஆவுடையாளைச் சிறையிலிருந்து கூட்டிவந்தார்கள். இது தெரிந்தும் ஏன் வாய் திறக்கவில்லை என்று ராஜா கேட்டான்.

"பசு மேல சத்தியம் வாங்கிக்கிட்டாரு சாமி. அவரு, சம்சாரம், ஏழு புள்ளைங்க, எல்லாரும் கொல்லப்பக்கமா வந்து குத்திக்கிட்டுப் போனாங்க. சொல்லாட்டித் தலைதான் போவும். சொன்னா சத்தியமில்ல போயிரும்."

அத்தனை பட்டுக்கும் பதக்கத்துக்கும் நடுவில், கிழிந்த சேலையோடு நின்றவளை ராஜா வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சேனாதிராயர் பக்கம் திரும்பினான்.

"கொடுத்த வாக்கு கொடுத்ததுதான், ராயரே. இந்த அம்மை இறங்கும்வரை தினமும் நீர்தான் கூழ் ஊற்றவேண்டும். அந்தக் கையை மட்டும் மூடக்கூடாது."

சொல்லிவிட்டு அவன் யார் பேச்சுக்கும் காத்திருக்கவில்லை. ஏழு கதவையும் திறந்து மகளைத் தூக்கிவந்து ஆவுடையாளின் மடியில் உட்காரவைத்தான். ஊசி பட்டபோது பிள்ளை அழவில்லை. அப்பன்தான் கண்ணை மூடிக்கொண்டான்.

ஊரே கோட்டைச் சுவரில் ஏறி நின்று பார்த்தது. சேனாதிராயர் கூழ்ப்பானையோடு கொட்டகைக்குள் போனார், வந்தார். மறுநாளும் போனார். முதல் நாள் வெட்கத்தில் குனிந்த மனுஷர், பத்தாம் நாள் யாரோ பெற்ற குழந்தையைத் தோளில் சாய்த்து வேப்பிலையால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் மேலில் ஒரு அம்மை முத்துக்கூடப் போடவில்லை. சொல்லும்போதே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது, பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! தொழுவத்து வாசலில் வரிசை ஆற்றங்கரைவரை நீண்டது. பக்கத்து வீட்டுக்காரன் முதல் ஆளாக நின்றான்.

மழை விழுந்தது, அம்மை இறங்கியது. குமுதவல்லி கொலுசு குலுங்க ஓடி விளையாடினாள். தினமும் தலையைத் தடவிப் பார்த்து, இன்னும் கொம்பு முளைக்கவில்லையே என்று அவளுக்கு ஒரே வருத்தம்.

ஒருநாள் காலையில் ராஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டு தொழுவத்துக்கு நடந்தே போனான். கிரீடத்தைக் கழற்றி வைக்கோல்மேல் வைத்தான். தழும்பேறிய ஆவுடையாளின் கைகளுக்கு முன்னால் தலை குனிந்தான்.

நானும் குத்திக்கொண்டவன்தானே, எனக்குக் கொம்பு முளைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லத்தான் குனிந்தேன் என்று பிற்பாடு சபையில் சொல்லிச் சமாளித்தான். தொழுவத்தில் இருந்தவர்களோ, அவன் கைகூப்பியதைக் கண்ணால் கண்டவர்கள்.