காவலுக்கு வந்த செம்போத்து

கண்மாய்க் கரையில் ஒரு கருவேலங்காடு. அங்கே தவிட்டுக்குருவிகள் கூட்டம் கூட்டமாய் வாழ்ந்தன. விடிந்தால் கூச்சல், அடைந்தால் கூச்சல். ஒரு புழுவைப் பங்கு வைக்க ஒரு பஞ்சாயத்து. அதில் எல்லாருக்கும் வாய் உண்டு. நேற்றுப் பொரிந்த குஞ்சுகூட ஒரு பேச்சுப் பேசிவிட்டுத்தான் உட்காரும்.

காது வலிக்கும், உண்மைதான். ஆனால் அந்தக் கூச்சல்தான் அவர்களுக்குக் கோட்டை. பாம்பு தலையைக் காட்டினால் பார்த்த குருவி கத்தும். உடனே காடே திரண்டு வரும். சுற்றி நின்று கத்தும், வாலைக் கொத்தும். பாம்பு வெறுத்துப்போய், "இந்தச் சனியன்களோட மனுஷன் இருப்பானா!" என்று இறங்கிப் போய்விடும்.

அந்தக் கூட்டத்தில் பேச்சி என்று ஒருத்தி. கூட்டில் மூன்று முட்டை வைத்திருந்தாள். வானத்து நீலம். அதுதான் அவளுக்கு முதல் பேறு. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எழுந்து எழுந்து பார்ப்பாள்.

ஒருநாள் மழை விட்டு ஈசல் கிளம்பியது. பேச்சியைத் தவிர எல்லாரும் ஈசலுக்குப் பறந்துவிட்டார்கள். சாரைப்பாம்பு வந்தது. காட்டின் அந்தக் கோடியில், மூத்தவர் தவசியின் குஞ்சுகளை விழுங்கியது. ஆற அமரப் போனது.

தப்பு ஈசல் ஆசையில். அதை ஒத்துக்கொள்ள எவருக்கு மனசு வரும்? அதற்குப் பதிலாகப் பயந்தார்கள். கொடி அசைந்தால் பாம்பு. வேர் கிடந்தால் பாம்பு. ஒரு குருவி தன் வாலையே திரும்பிப் பார்த்து அலறி மயங்கி விழுந்தது.

அந்த நேரம் பார்த்துச் செம்போத்து வந்தது. காக்கை அளவு. செங்கல் நிறச் சிறகு, ரத்தச் சிவப்புக் கண். குறுக்கே போனால் நல்ல சகுனம் என்று மனிதர்களே கும்பிடுவார்கள். அலகில் ஒரு குட்டிப் பாம்பு செத்துத் தொங்கியது. அது அடித்துக் கொன்றதா, வண்டி ஏறிச் செத்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை.

"உக்... உக்... கத்தி விரட்டினா பாம்பு நாளைக்கு வரும். கொல்லணும்! காவலை எங்கிட்ட விடுங்க!"

"சாமி மாதிரி வந்தீங்கய்யா!" என்றார் தவசி. பாவம், பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்.

"ஆனா ஒண்ணு. இந்தக் கூச்சல் ஆகாது. பாம்பு ஊர்ற சத்தம் எனக்குக் கேக்கணுமா இல்லையா? ஒரு கிளையில ரெண்டு பேருக்கு மேல உக்காரக் கூடாது. கூடினா சதி. அப்புறம், எந்தக் கூட்டையும் எப்ப வேணாலும் சோதனை போடுவேன்."

பேச்சி கேட்டாள்: "ஐயா, பாம்பு வந்தா கத்தாம எப்படிச் சொல்றது?"

"எங்கிட்ட வந்து காதோட சொல்லு."

"நீங்க எங்க இருப்பீங்க?"

"அது ரகசியம். பாம்புக்குத் தெரிஞ்சிரும்ல?"

பேச்சி சிரித்துவிட்டாள். அதுதான் வினை. அவளுடைய மைனி, அண்ணன் பெண்டாட்டி இருளாயி, சிலிர்த்துக்கொண்டு திரும்பினாள்.

"ஏ பேச்சி! குஞ்சைப் பறிகொடுத்தவர் முன்னால சிரிக்கிறியே, நீ பாம்பு பக்கமா?"

"என்ன மைனி, ஒரு கேள்விதான கேட்டேன்?"

"பாம்புதான் கேள்வி கேக்கும்!"

பாம்பு எப்போது, யாரிடம், என்ன கேட்டது? எவருக்கும் தெரியாது. எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தக் காட்டில் நடந்த கடைசிப் பஞ்சாயத்து அதுதான்.

முதலில் அகப்பட்டது ஓணான்.

"உன் வால் ஏன் நீளம்?" என்றது செம்போத்து.

"பொறந்ததுலருந்தே அப்படித்தான்யா."

"பாம்புக்கும் அப்படித்தான். வா, விசாரிக்கணும்."

புதருக்குள் கூட்டிப்போனது. விசாரணை சீக்கிரம் முடிந்தது. செம்போத்து மட்டும் அலகைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தது.

"ஓணான்தான! நம்மாளா என்ன?" என்றாள் இருளாயி. அப்புறம் அரணை போனது. அதுவும் நம்மாள் இல்லையாம்.

அடுத்து முட்டைகள் காணாமல் போயின. சாரைப்பாம்பு ஒரு வருஷத்தில் தின்றதைவிட அதிகம். தவசி தயங்கித் தயங்கிப் போய்ச் சொன்னார்.

"பாத்தீங்களா பாம்போட தந்திரத்த!" என்று கண்ணை உருட்டியது செம்போத்து. "கண்டிப்பு பத்தல. இனிமே ஒரு கிளைக்கு ஒருத்தர்தான்!"

முட்டை குறையக் குறைய அதிகாரம் கூடியது. வேலையைக் கோட்டைவிட்டவனுக்குச் சம்பள உயர்வு கொடுத்த காடு அது ஒன்றுதான். நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

இருளாயி கூட்டில் இரண்டில் ஒரு முட்டை போயிற்று. அவள் போய் நன்றி சொன்னாள். "ஒண்ணாவது மிஞ்சிச்சே! ஐயா இல்லேன்னா அதுவும் போயிருக்கும்!"

பேச்சி கூட்டை விட்டு இறங்குவதையே நிறுத்தினாள். பசித்தது. பொறுத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நாள்தான், ஓடு விரிந்துவிடும்.

ஒரு நண்பகலில் கிளை ஆடியது. செம்போத்து.

"எந்திரி. சோதனை."

"என்னய்யா சோதனை? மூணு முட்டை. அவ்வளவுதான்."

"உள்ள என்ன இருக்கு?"

"குஞ்சு."

"பாத்தியா? பாக்காம எப்படிச் சொல்ற?"

அவளை ஒரு தள்ளுத் தள்ளியது. ஒரு முட்டையை உடைத்து, நிதானமாகக் குடித்தது.

"இதுல பாம்பு இல்ல. அடுத்தது."

பக்கத்துக் கிளையில் தவசி இருந்தார். பார்த்தார். சட்டென்று வானத்தைப் பார்த்தார். வானத்தில் ஒன்றுமில்லை.

"மாமா! பாருங்க மாமா!"

"சட்டம்னா எல்லாருக்கும் சட்டந்தான் பேச்சி," என்று வானத்திடம் சொன்னார் தவசி.

இரண்டாவதும் உடைந்தது. "இதுலயும் இல்ல," என்றது செம்போத்து. அலகு மூன்றாவதன் பக்கம் போயிற்று.

பேச்சி கத்தினாள். அடிவயிற்றிலிருந்து, தொண்டை கிழிய, அம்மாவும் பாட்டனும் கத்திய அதே கத்தல்.

காடு திடுக்கிட்டது. இருளாயிதான் முதலில் பாய்ந்து வந்தாள்.

"அடியே, கத்தக் கூடாதுன்னு தெரியாது?"

"வாய மூடு!" என்று இன்னொரு குருவி வந்தது.

"இவ சத்தத்துல பாம்பு வந்துரும்!"

"ஒரு கிளைக்கு ஒருத்தர்தான்! எறங்குங்கடா!"

"நீ மொதல்ல எறங்கு!"

காடே வந்து அந்த ஒற்றை மரத்தில் குவிந்துவிட்டது. எல்லாரும் கூடி நின்று, கூடக் கூடாது என்று கத்தினார்கள். எத்தனை நாள் பட்டினி கிடந்த தொண்டை! ஆரம்பித்துவிட்டால் நிற்குமா? எதற்குக் கத்துகிறோம் என்பதே பாதிப் பேருக்கு மறந்துபோயிற்று.

செம்போத்து நடுவில் மாட்டிக்கொண்டது. "உக்... அமைதி! உக்... உத்தரவு!" என்றது. யார் காதிலும் விழவில்லை. சிறகை விரித்தது. அது யார் முகத்திலோ அடித்தது. அந்த யாரோ பழக்க தோஷத்தில் வாலை ஒரு கொத்துக் கொத்தினான். ஒருவன் கொத்தினால் போதாதா? அப்புறம் எல்லாரும் கொத்தினார்கள். பெரிய உடம்பு, பறப்பதோ அரைகுறை. கிளையிலிருந்து பொத்தென்று விழுந்தது. மஞ்சள்கரு ஒழுகும் அலகோடு புதருக்குள் ஓடி, கரையேறிக் கண்மாயைத் தாண்டிப் போயே போய்விட்டது.

அப்போதுதான் கூச்சல் அடங்கியது. கூட்டில் நீல ஓடுகள் நொறுங்கிக் கிடந்தன. இருளாயி அவற்றையே பார்த்தாள்.

"அப்போ என் கூட்டுல..." என்று ஆரம்பித்தாள்.

பேச்சி மிஞ்சிய ஒற்றை முட்டையின் மேல் ஏறி உட்கார்ந்தாள். உள்ளே ஏதோ அசைந்தது போலிருந்தது.

தவசி தொண்டையைச் செருமினார். "என்ன இருந்தாலும், அவர் இருந்தப்ப காடு அமைதியா இருந்துச்சு."

"ஆமா மாமா," என்றாள் பேச்சி. "கண்மாய்க்கு அந்தப் பக்கம் சுடுகாடும் அமைதியாத்தான் இருக்கு."

பயத்தில் தன் வாயைக் காவல்காரனுக்கு எழுதிக் கொடுத்தவனுக்கு, அந்தக் காவல்காரனே திருடும்போது கத்துவதற்கு வாய் இருக்காது.