நரியைத் தூங்க வைத்த அணில்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், பெரிய பாறையின் நிழலில் ஒரு வைத்தியசாலை இருந்தது. அங்கே கரடிதான் வைத்தியர். ஆழப் பதிந்த முள்ளை எடுப்பார். ஒடிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவார். சொத்தைப் பல்லைப் பிடுங்குவார்.

வலி தெரியாமல் இருக்க வேண்டாமா? அதற்கு ஒரு தேவாங்கு இருந்தது. ஒரு கொடியின் சாற்றை நோயாளியின் நாக்கில் சொட்டவிட்டுத் தூங்க வைக்கும். தூங்க வைத்துவிட்டுப் போய்விடாது. தன் பெரிய கண்களை விரித்து, மூச்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருக்கும். நோயாளி விழித்து, "நான் எங்கே இருக்கிறேன்?" என்று கேட்கும்வரை அசையாது.

தேவாங்குக்கு நிதானம் அதிகம். நடையோ அதைவிட நிதானம். ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்கு அது போய்ச் சேர்வதற்குள் பார்ப்பவர்களுக்குப் பசியெடுத்துவிடும். அதனால் உதவிக்கு ஓர் அணிலை வைத்துக்கொண்டது.

அணிலுக்குச் சுறுசுறுப்பு அதிகம். சாறு பிழியும், வடிகட்டும், இலைக்கிண்ணம் கழுவும். "அண்ணா, அடுத்து என்ன? அடுத்து என்ன?" என்று வால் துடிக்கக் கேட்கும். அந்தக் காட்டில் அணிலைப் பிடிக்காதவர்களே இல்லை.

ஒரு நாள் கொடி தீர்ந்துபோனது. புதுக்கொடி பறிக்க ஓடைக்கு அப்பால் கிளம்பிய தேவாங்கு, "நான் வரும்வரை பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போனது. எதைப் பார்த்துக்கொள்வது என்று அது சொல்லவில்லை. அணிலும் கேட்கவில்லை.

வைத்தியசாலையில் நீண்ட வரிசை. கடைசியில் நின்ற நரிக்குப் பல்வலி. மற்றவர்கள் தேவாங்குக்காகக் காத்திருக்க, நரி நைசாக முன்னால் வந்தது.

"அணில் தம்பி, எத்தனை பேரைத் தூங்க வைத்ததைப் பார்த்திருக்கிறாய்! இரண்டு சொட்டு விடுவதற்கு அந்த மந்தநடை அண்ணன் எதற்கு?"

"அண்ணா வரட்டுமே, நரியாரே."

"பார்த்துக்கொள் என்று உன்னிடம்தானே சொன்னார்? பார்த்துக்கொள்ளேன்!"

அணிலுக்கு உச்சி குளிர்ந்தது. மிச்சமிருந்த சாற்றை எடுத்து வந்தது.

சாறு விடுவதற்கு முன்னால், தேவாங்கு ஒவ்வொரு நோயாளியின் காதருகிலும் குனிந்து ஏதோ கேட்கும். அணில் அதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறது. என்ன கேட்கும் என்று மட்டும் அதற்குத் தெரியாது. இருந்தாலும் முறை தவறக் கூடாதல்லவா? நரியின் காதருகே குனிந்து, "சௌக்கியமா?" என்று கேட்டது.

"பல்லைத் தவிர எல்லாம் சௌக்கியம்" என்றது நரி.

அணில் சாற்றைச் சொட்டவிட்டது. நரி கண் சொருகித் தூங்கிப்போனது.

"பார்த்தீர்களா!" என்று அணில் வரிசையைப் பார்த்துப் பெருமையோடு வாலை ஆட்டியது.

அப்போது நரியின் வயிறு குலுங்கியது. தொண்டையில் ஏதோ களகளவென்றது. பிறகு அந்தச் சத்தமும் நின்றது. மார்பு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"வைத்தியரே! நரியார் மூச்சு விடவில்லை!" என்று அணில் கதறியது.

பாறைக்குப் பின்னால் முயலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த கரடி ஓடி வந்தார். "தூங்க வைத்தது யார்? தேவாங்கு எங்கே?"

"ஓடைக்கு அப்பால்... நான்தான்... நான்தான் வைத்தேன்."

கரடி நரியை ஒருக்களித்துப் புரட்டி முதுகில் தட்டினார். தொண்டையில் அடைத்தது வெளியே வரவில்லை. அவருடைய கனத்த விரல்கள் அந்தச் சின்ன வாய்க்குள் நுழையவில்லை. வரிசையில் நின்ற கடமான் ஒரே பாய்ச்சலாக ஓடையைத் தாண்டியது. கொடி பறித்துக்கொண்டிருந்த தேவாங்கைக் கொம்பில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் பறந்து வந்தது.

தேவாங்கு நரியின் வாயைத் திறந்தது. தன் மெல்லிய விரல்களை உள்ளே விட்டுத் துழாவியது. ஒரு நண்டுக்கால் வந்தது, பின்னாலேயே இன்னொன்று. நரி பெரிதாக இருமி மூச்சை இழுத்தது.

அணில் அங்கேயே சுருண்டு அழுதது. "அண்ணா, நீங்கள் காதில் என்னதான் கேட்பீர்கள்?"

"வயிற்றில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்பேன். நிறைந்த வயிற்றோடு தூங்கினால், தின்றது மூச்சுக்குழாய்க்குள் ஏறிவிடும்." தேவாங்கு அணிலின் முதுகைத் தடவிக்கொடுத்தது. "இதை உனக்குச் சொல்லித் தராதது என் தப்பு."

மறுநாள் காட்டின் தலைவியான யானை சபையைக் கூட்டியது.

"அணிலை விரட்டுங்கள்! உதவிக்கு இனி யாருமே வேண்டாம்!" என்று கத்தியது நரி.

"விரட்டிவிட்டால் வரிசை ஓடைவரை நீளும். வலியோடு நிற்பவர்கள் என்ன செய்வார்கள்?" என்றார் கரடி. "அதிருக்கட்டும், நண்டு தின்றுவிட்டு வந்தவர் யார்?"

"நாலு நண்டு. அதெல்லாம் ஒரு சாப்பாடா?" என்று முனகிக்கொண்டு நரி உட்கார்ந்தது.

யானை துதிக்கையை உயர்த்தியது. "உதவியாள் வேண்டும். ஆனால் முழுதாகக் கற்று, வைத்தியர் முன்னாலும் தேவாங்கு முன்னாலும் செய்து காட்டித் தேறியவராக இருக்க வேண்டும். தேறிய பிறகும், கூப்பிட்ட குரலுக்கு வரும்படி தேவாங்கு பக்கத்தில் இருந்தால்தான் சாற்றைத் தொடலாம். தேவாங்கே, உன் கண்பார்வையில் வைத்துக்கொள்ள முடிகிற அளவுக்கு மேல் உதவியாட்களைச் சேர்க்காதே."

அணில் அன்றே படிக்கத் தொடங்கியது. எலிக்கு எவ்வளவு சாறு, எருமைக்கு எவ்வளவு என்று கற்றது. மூச்சு தடுமாறினால் தலையை எப்படித் திருப்புவது என்று கற்றது. மழைக்காலம் போய், வெயில்காலமும் போனது. முதல் தேர்வில் தோற்று, ஒரு மூலையில் அழுதுவிட்டு, அடுத்த தேர்வில் தேறியது.

சில நாள் கழித்து யானையே நொண்டிக்கொண்டு வந்தது. பாதத்தில் மூங்கில் சிம்பு ஏறி வீங்கியிருந்தது. தேவாங்கு ஓடைக்கரைக்குப் போயிருந்தது.

"அணிலே, வலி தாங்கவில்லை. நீதான் தேறிவிட்டாயே, சாற்றை விடு" என்றது யானை.

அணில் பாறைமேல் ஏறி, யானையின் கண்ணுக்கு நேராக நின்றது.

"மாட்டேன் தலைவியே. அண்ணா வரட்டும்."

"சட்டம் போட்டதே நான்தான்!"

"அதனால்தான் மாட்டேன் என்கிறேன்."

யானை வலித்த காலை மெல்ல நீட்டிக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்தது.

நீதி: பிறர் உயிரைக் கையில் எடுப்பவருக்கு முழுக் கல்வியும் வேண்டும், அவரைப் பார்த்துக்கொள்ள அருகில் ஒரு கண்ணும் வேண்டும்.