மாவு மில்லில் இருக்கிற சாவி

கரிசல் காட்டு மடம் ஒன்றில் ஒரு குருவும் ஒரு சிஷ்யரும் இருந்தார்கள். குருவுக்கு நாற்பது வயதுதான். உமையாள் தாயி என்று ஊரார் கூப்பிடுவார்கள். சிஷ்யர் சீனிவாசகத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு ஞானம் தேடி வந்தவர். கேட்டவுடன் டிக்கெட் கிழித்துக் கொடுத்துப் பழகியவர், ஞானமும் அப்படியே கிடைக்கும் என்று நினைத்திருந்தார்.

மடத்தில் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு புளியமரம், ஒரு அடுப்பு, ஒரு இரும்புப் பெட்டி. பருத்திக்கு அடிக்கிற பூச்சிமருந்தை அந்த ஊரில் யாரும் வீட்டில் வைப்பதில்லை. எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கும். தாயி வந்த பிறகு ஏற்பட்ட பழக்கம் அது. பெட்டி மடத்தில் இருந்தாலும் அதன் சாவி ஊரின் மறுகோடியில், அந்தோணியம்மாளின் மாவு மில்லில் தொங்கியது. மருந்து வேண்டுமென்று வருகிறவர் அதுவரை நடந்து போய்ச் சாவி வாங்கி வரவேண்டும். மடத்து ஆள் ஒருவரும் கூடவே நடக்க வேண்டும். மடத்து ஆள் என்றால் வேறு யார், சீனிவாசகம்தான்.

"தாயி, பெட்டி இங்க, சாவி அங்க. இது என்ன ஏற்பாடு? சாவிய இந்த ஆணியில மாட்டுனா ஆகாதா?" என்று ஒருநாள் கேட்டார்.

"மில்லு தூரமோ ஐயா?"

"எனக்குத் தெரியாது. என் முழங்காலக் கேளுங்க."

தாயி சிரித்தார். சீனிவாசகம் விடவில்லை.

"பூட்டு போட்டு யாரத் தடுக்க முடியும்? சாகத் துணிஞ்சவனுக்குச் சமுத்திரம் முழங்கால் மட்டுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

அவர் தம்பி திருமேனி, பல வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், குடித்துவிட்டு வந்து உயிரை மாய்த்துக்கொண்டவன். துணிந்தவனை யார் தடுத்திருக்க முடியும் என்று சொல்லிச் சொல்லித்தான் அண்ணன் இத்தனை காலம் சோறு தின்றார். அந்தப் பழமொழியும் பொய்யென்று ஆகிவிட்டால் அவருக்குப் பிடிமானமே இல்லை.

தாயிக்கு அது தெரியும். குனிந்து அடுப்பை ஊதினார்.

அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரத்தில் பொம்மையா வந்தான். வடக்குத் தெருவில் பருத்தி போடுகிற சம்சாரி. நிதானமான மனுஷன். கொஞ்ச நாளாகத்தான் குடி அவனைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. வரும்போதே கால் பின்னியது.

"தாயி, என் மருந்தக் குடுங்க."

தாயி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இருட்டப் போற நேரத்துல எந்தப் பருத்திக்குப்பா மருந்து?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பொம்மையா, சாகணும்னு தோணுதா?"

சீனிவாசகம் பதறிப்போனார். முகத்துக்கு நேரே இப்படியா கேட்பது? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிடும் என்று பயந்தார்.

பொம்மையா கோபப்படவில்லை. புளியமரத்தடியில் உட்கார்ந்தான். "ஆமா தாயி," என்றான். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவன் போலிருந்தது அவன் குரல்.

"சொன்னியே, நல்லது. ஐயா, இவரக் கூட்டிக்கிட்டு மில்லு வரைக்கும் நடங்க. நான் போய் இவரு வீட்டுக்காரியக் கூட்டிட்டு வாரேன்."

சீனிவாசகம் தாயியைத் தனியே இழுத்தார். "சாவியோட வந்து நின்னா குடுத்துருவீகளா?"

"குடுக்க மாட்டேன். மொதல்ல நடங்க ஐயா."

நடந்தார்கள். பொம்மையா திட்டிக்கொண்டு நடந்தான், பிறகு அழுதுகொண்டு நடந்தான். ஊருணிக் கரையில் தடுமாறி உட்கார்ந்தான். சீனிவாசகமும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"குடிச்சா நெஞ்சு லேசாகும்னுதான் அண்ணே குடிச்சேன். முன்னைக்கு இப்பக் கல்லா கனக்குது."

சீனிவாசகம் வாயில் வந்ததைச் சொன்னார்.

"எனக்கும் ஒரு தம்பி இருந்தான். இப்படித்தான் ஒருநாள் குடிச்சிட்டு வந்தான். போய்ட்டான்."

பொம்மையா அழுகையை நிறுத்தினான். "எதுக்குண்ணே?"

"தெரியலப்பா. விடியுற வரைக்கும் இருந்திருந்தா கேட்டிருப்பேன்."

அதற்குப் பிறகு அவர் அழுதார். பொம்மையாதான் அவர் கையைப் பிடித்து எழுப்பி நடத்திக்கொண்டு போனான். யார் யாரைக் கூட்டிப் போகிறார்கள் என்று பார்த்தவர்களுக்குப் புரிந்திருக்காது.

மில்லில் அந்தோணியம்மாள் உடம்பெல்லாம் மாவாக நின்றாள். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள்.

"சாவி எங்க ஓடிரப் போகுது? மொதல்ல ஆளுக்கு ஒரு சொம்பு கூழு குடிங்க."

பொம்மையா கூழைக் குடித்தான். சாவியைக் கேட்கவில்லை. மடத்துக்குத் திரும்பியபோது அவன் மனைவி செவந்தி வாசலில் நின்றிருந்தாள். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பாயை விரித்தாள். படுத்தவன் அப்படியே தூங்கிப்போனான். ஒரு பக்கம் செவந்தியும் மறுபக்கம் சீனிவாசகமும் உட்கார்ந்திருந்தார்கள்.

விடிந்தது. பொம்மையா தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"காப்பி கெடைக்குமா தாயி?"

காப்பி பாதி குடித்திருப்பான், சட்டென்று நிமிர்ந்தான். "ஏ செவந்தி, செவலையாடு இன்னைக்குக் குட்டி போட்டுரும். நான் இல்லாட்டி அது யாரையும் கிட்ட அண்ட விடாதுல்ல!"

"ஆட்டுக்குத் தெரிஞ்சது ஆளுக்குத் தெரியலயே," என்றாள் செவந்தி. சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தாயி பொம்மையாவிடம் சொன்னார். "திங்கக்கிழமை பெரியாஸ்பத்திரிக்குப் போவோம். குடிய விடுறதுக்கும், இப்படித் தோணுறதுக்கும் அங்க வைத்தியம் பாக்குறாக. அதுவரைக்கும் பொழுது சாஞ்சா மடத்துக்கு வந்துரு. திரும்பவும் தோணுச்சுன்னா எந்நேரம்னாலும் வந்து எழுப்பு."

"அண்ணனும் ஆஸ்பத்திரிக்கு வருவாரா?"

"வாரேன்ப்பா," என்றார் சீனிவாசகம்.

பொம்மையாவும் செவந்தியும் வேகமாகப் போனார்கள், ஆடு காத்திருக்கிறதே. அவர்கள் போன திசையையே சீனிவாசகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாயி. என் தம்பியும் விடியுற வரைக்கும் இருந்திருந்தா காப்பி கேட்டிருப்பானா?"

"கேட்டிருப்பாரு ஐயா."

நெடுநாளாக அவர் நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து போனது. நீங்கள் யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தம்பி போகவில்லை. அந்த ஒரு சாயங்காலத்தை அவனால் தாண்ட முடியவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு அவர் மனசு நிறைவாகவே இருந்தது. சோறுகூட ஒரு பிடி அதிகமாக இறங்கியது.

சாப்பிட்டுக் கை கழுவி வந்து தாயியின் முன்னால் நின்றார்.

"தாயி, எனக்கு ஒண்ணு தோணுது. மில்லு ரொம்பப் பக்கம். சாவிய இன்னும் தள்ளி, அடுத்த ஊர்ல கொண்டுபோய் வச்சா என்ன?"

தாயி சொன்னார்:

"வைக்கலாம் ஐயா. அவ்வளவு தூரமும் கூட நடக்க ஆளு வேணுமே."

சீனிவாசகம் மூலையில் கிடந்த தம் செருப்பை எடுத்து வந்து வாசலில் போட்டார்.