அறுபதைத் தாண்டினால் ஆடும் கார்

மில் முதலாளி பொன்னுரங்கத்தின் பழைய கார் அறுபதைத் தாண்டினாலே சாமி வந்த மாதிரி ஆடும். மூன்று மெக்கானிக்குகள் இன்ஜினைப் பிரித்து மாட்டியும் ஆட்டம் நிற்கவில்லை. கடைசியில் பஞ்சர் கடை சிட்டம்மாளிடம் வந்து நின்றார்.

"பானெட்டைத் திறக்காம கண்டுபிடி பார்க்கலாம். கெடுத்தவன் எவன்னும் சொல்லு, ஊரை விட்டே துரத்துறேன்!" என்று கடைத்தெருவே கூடும்படி கத்தினார்.

சிட்டம்மாள் சக்கரங்களைத் தடவிப் பார்த்தாள். "எப்பலேர்ந்து ஆடுதுங்க?"

"ஆயுத பூஜையிலேர்ந்து."

"பூஜைக்குக் கழுவினது யாருங்க? ரிம்மு கண்ணாடியாட்டம் மின்னுதே!"

முதலாளிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நானேதான்! ரிம் ஓரத்துல ஈயத்துண்டுங்க அசிங்கமா ஒட்டிக்கிட்டிருந்துச்சு. அத்தனையையும் என் கையாலயே நெம்பி எடுத்தேன்."

"அதுங்க சக்கரம் ஆடாம இருக்க வெச்ச எடைங்க."

கூடி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிட்டம்மாள் சக்கரங்களைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துப் புது ஈயத்துண்டுகளைப் பொருத்தினாள். எண்பதில் விட்டுப் பார்த்தார்கள். கார் புது மாப்பிள்ளை மாதிரி அடக்கமாகப் போய் வந்தது.

சிட்டம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இனி எம்புட்டுத் தூரம் வேணும்னாலும் போகலாங்க. ஊரை விட்டு எப்பக் கிளம்புறீங்க?"