மகாராஜாவின் முழங்காலும் பண்டிதரின் மாத்திரையும்

"மளுக்!"

மாங்குறிச்சி அரண்மனையில் வெகுகாலம் கேட்ட சத்தம் அது. ராஜா வீரகேசரி சிம்மாசனத்திலிருந்து எழும்போது அவருடைய முழங்கால் எழுப்பும் சத்தம். கட்டியக்காரன் வாயைத் திறக்கும் முன்பே, 'ராஜா எழுந்துவிட்டார்' என்று சபைக்குத் தெரிந்துவிடும்.

அரண்மனை வைத்தியர் வேலம்மை சூடான தைலம் தேய்ப்பாள், ஒத்தடம் கொடுப்பாள். "கொஞ்சம் நடங்கள், நெய்யைக் குறையுங்கள்" என்பாள்.

"வலி போய்விடுமா?" என்று ராஜா கேட்பார்.

"குறையும், மகாராஜா. தேய்ந்த மூட்டு திரும்ப வளராது."

எந்த ராஜாவுக்குப் பிடிக்கும் இந்தப் பதில்?

அந்தச் சமயம் பார்த்து வந்து சேர்ந்தார் சோமேசப் பண்டிதர். கையில் கறுப்பு மாத்திரை. "தேய்ந்த மூட்டு தளிர்விடும், சுவாமி! விடிந்ததும் வெறும் வயிற்றில் இரண்டு. குழந்தைக்குத் தாய்ப்பால் போல. ஒரு கெடுதலும் இல்லை."

ராஜா விழுங்கினார். அரை நாழிகையில் வலி மாயம்! கோட்டைச் சுவரில் ஏறி இறங்கினார். மாலையில் மறுபடி வலித்தது, மறுபடி விழுங்கினார். சில நாளில் நெஞ்சு எரிந்தது, சோறு கசந்தது. "பழைய தைலத்தின் விஷம் வெளியேறுகிறது" என்றார் பண்டிதர்.

ராஜா அதையும் நம்பினார். "வெள்ளிக்கிழமை சபையில் பண்டிதரை அரண்மனை வைத்தியராக்குகிறேன். வேலம்மை அன்றே அரண்மனை கொடுத்த வீட்டைக் காலி செய்யட்டும்!"

வேலம்மைக்கு வேறு வீடும் இல்லை, போக்கிடமும் இல்லை. விகடகவி இடும்பனிடம் வந்து நின்றாள்.

"அழாதே அக்கா. அந்த மாத்திரையைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?"

"நல்ல மாத்திரைதான் தம்பி. தாங்க முடியாத நாளில், சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று கொடுக்கலாம். வெறும் வயிற்றில் போட்டால் சட்டென்று வேலை செய்யும். குடலையும் சுட்டுவிடும்."

இடும்பன் சிரித்தான். நேராக ராஜாவிடம் போய், "சபையை விடியற்காலையில் கூட்டுங்கள், அரசே. நல்ல முகூர்த்தம்" என்றான்.

வெள்ளிக்கிழமை, கோழி கூவியதும் சபை கூடியது. ராஜா மாத்திரைக்குக் கை நீட்டினார்.

"நில்லுங்கள்!" என்றான் இடும்பன். "ராஜாவுக்குக் கொடுப்பதைக் கொடுப்பவர் முதலில் உண்ண வேண்டும். மாங்குறிச்சி வழக்கம் இதுதானே?"

"தினமும் நாக்கில் தொட்டுக்கொள்கிறேனே!" என்றார் பண்டிதர்.

"ராஜா தொட்டுக்கொள்கிறாரா, ஓய்? விழுங்குகிறார். அவருக்கு எத்தனையோ உமக்கும் அத்தனை. அக்கா, முதலில் நீ."

வேலம்மை தைலத்தை எடுத்துத் தன் முழங்காலில் பரபரவென்று தேய்த்துக்கொண்டாள்.

ராஜா வியந்தார். "உனக்கும் மூட்டுவலியா?"

"உண்டு, மகாராஜா."

"உன்னையே குணப்படுத்தாத தைலம் எதற்கு?"

"இது இல்லாவிட்டால் இன்று சபைப் படி ஏறியிருக்க மாட்டேன்."

எல்லார் கண்ணும் பண்டிதர் பக்கம் திரும்பியது. அவர் இரண்டு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். வாயருகே கொண்டு போனார். கீழே இறக்கினார்.

"சுவாமி... அடியேன் ஓடிப்போய் இரண்டு வாய் தயிர்சோறு சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேனே?"

"ஏன்?"

"வெறும் வயிற்றில் போட்டால் எரியும், சுவாமி..."

சொன்ன பிறகுதான், தாம் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது.

ராஜா நெஞ்சைத் தடவிக்கொண்டார். "அப்படியென்றால் என் வயிறு?"

இடும்பன் கைகட்டி நின்றான். "அடுத்தவர் வயிற்றுக்கு மருந்து சொல்வது எளிது, அரசே. தன் வயிறு என்று வரும்போதுதான் வைத்தியருக்கு வைத்தியம் ஞாபகம் வருகிறது!"

ராஜா முதலில் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார், எரிச்சலோடு. இடும்பன் தோளில் தம் சால்வையைப் போட்டார். பண்டிதர் அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கோட்டை வாசலைத் தாண்டிவிட்டார்.

வேலம்மை அரண்மனை வைத்தியராகவே இருந்து, அந்த வீட்டிலேயே காலமானாள். கடைசி நாள் வரை அவளுடைய முழங்கால் வலித்துக்கொண்டுதான் இருந்தது.